முப்பத்து மூன்று கோடியும் ஒரு பதினேழும்

பதினேழாம் வாய்ப்பாடு பலருக்கும் வராது, ஐயா. எனக்கு ஏழு வயதிலேயே வந்துவிட்டது. அண்ணனுக்கு ஆறு வயதில். வீட்டில் அதையும் சொல்லிக்காட்டுவார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார்கள். அவன் வகுப்பில் உட்கார இடமிருக்காது. என் வகுப்பில் காற்று நன்றாக வரும்.

அண்ணனுக்கு ஓர் எண் பைத்தியம். 31, 331, 3331 என்று முன்னால் மூன்றைச் சேர்த்துக்கொண்டே போனால் வருவதெல்லாம் பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதுவும் அதை மீதியில்லாமல் வகுக்காது. 33333331 வரை அது உண்மைதான். அடுத்தது 333333331. அதுவும் அப்படித்தான் என்று நிரூபிக்கக் கிளம்பினான், கையாலேயே. மெஷினில் தட்டிப் பார்ப்பது அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் கேவலம்.

"பெரிய எண்ணால எல்லாம் நான் வகுத்துப் பார்க்கிறேன். நூறு வரைக்கும் சின்னதை நீ பாருடா" என்றான். யானை அவனுக்கு, சுண்டெலி எனக்கு. வயிறு எரிந்தது. ஆனாலும் உட்கார்ந்து போட்டேன். பதினேழில் மீதி பூஜ்யம்.

"என்னடா, ஏதாவது வகுபடுதா?"

"ஒண்ணும் போகலை."

"தம்பி பார்த்தா பார்த்ததுதான்" என்று அண்ணியிடம் பெருமையடித்தான். மறுபடி சரிபார்க்கவே இல்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை வருடம் வகுத்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

கணக்கு வாத்தியார்கள் கூட்டத்தில் அவன் பேசவேண்டிய அன்று காலை, காலரைச் சரிசெய்வதுபோல அவன் சட்டைப் பையிலிருந்து நெஞ்சுவலி மாத்திரையை எடுத்துக்கொண்டேன். ஒரு முன்யோசனைதான்.

அவன் பேசி முடித்ததும் நான் எழுந்து, "பதினேழால வகுத்துப் பாருங்க" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று காத்திருந்தேன். கொடுத்திருந்தால் ஒருவேளை என் மனம் இளகியிருக்கும்.

"சின்ன எண்ணை நான் சரியாப் பார்க்கலை. தப்பு என்னுது. கண்டுபிடிச்சது என் தம்பி" என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள், அவனுக்கு. தோற்றாலும் கைதட்டல் அவனுக்கே.

கரும்பலகைப் பக்கம் திரும்பி வகுக்க ஆரம்பித்தான். 1, 9, 6 வரை எழுதினான். சாக்பீஸ் விழுந்தது. கை சட்டைப் பையைத் துழாவியது. ஓடிப்போய் மடியில் தாங்கியவன் நான்தான், எத்தனையோ பேர் பார்த்தார்கள். மாத்திரை என் பையில் இருந்தது.

"ஈவு என்னடா வரும்?" என்று கேட்டான். மாத்திரையைக் கேட்கவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

19607843. எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால், அந்த நிலையிலும் மனக்கணக்காகப் பெருக்கிப் பார்த்து, "சரிதாண்டா" என்று சிரித்திருப்பான். நான் வாயைத் திறக்கவில்லை.

பொறாமை என்கிறார் அண்ணி. அதெல்லாம் இல்லை, ஐயா. எனக்குத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.