மூணு தட்டு

உளிய கொஞ்சம் கீழ வையி மேஸ்திரி. கோவமில்லப்பா. மூணு தட்டு தட்டிட்டு நிறுத்தறே பாரு, அது கேக்கச்சொல்ல ஒரு மாதிரி கீது. டீ சொல்லிகீறேன். குந்து.

பேரு சரிதான். அருள்தாஸ், காவாந்தண்டலம். செத்த வருசம் எழுபத்திரண்டு, அதுவும் சரி. இன்னும் ஒரு வரிதானே? தடிக்கு அஞ்சாமல் கடைசிவரை வாசித்தவன். ஆமா, வாசகம் என்னுதுதான். பத்து வருசத்துக்கு முன்னாடி நோட்டீஸ்ல எழுதினது. காலேஜ் முடிக்காதவன்தான் நானு, எட்டு தபா ஜெயிலு. இன்னிக்கி மேடை ஏறி பேசறவனுங்க பாதி பேரு என் வரியத்தான் பேசறானுங்க. ஒருத்தனும் இந்த வேதகிரி எழுதினதுன்னு சொல்லமாட்டான். வுடு.

வயலினா? அத்த சொல்றேன். காலேஜ்ல நாங்க ஏழு பேரு ஆர்கெஸ்ட்ரா. அவன் வயலினு, சர்ச்சுல கத்துக்கினது. அவங்கம்மா செல்லம்மா நாத்து நட்டு படிக்க வெச்சிது. நான் தபேலா. வில்ல எடுத்தான்னா கண்ண மூடிக்குவான், அப்பால இடி வியுந்தாலும் தெரியாது. நடுவுல தபேலா நின்னாலும் தனியா வாசிச்சிக்கினு இருப்பான். அதுக்கோசரம் எங்க செட்டுல ஒரு கட்டு. நான் மூணு தட்டு தட்டணும். அதான் முடிப்பு. அது கேட்டாத்தான் வில்ல எறக்குவான். டேய், நான் செத்துட்டா ஆயுசுக்கும் வாசிப்பியாடான்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பான்.

ஆஸ்டல்ல நல்ல தண்ணி இல்ல. மூணு பசங்களுக்கு வாந்திபேதி. மனு குடுத்து குடுத்து ஓஞ்சிட்டோம். காலேஜ் விழாவுக்கு மந்திரி வராருன்னாங்க. ரோசனை என்னுதுதான். அவரு பேச எழுந்தா நாம நிறுத்தாம வாசிக்கறது. அருள்தாஸ் பயந்த பையன். எனக்கு இன்னா தெரியும், நீ முடிச்சா நானும் முடிக்கறேன்னான்.

கால் மணி நேரம் வாசிச்சோம். மந்திரி மைக்க புடிச்சிக்கினு நிக்கறாரு. பசங்க ஒரே விசிலு. அப்பத்தான் கதவ தெறந்துக்கினு போலீஸ் வந்துச்சி.

இந்தத் தழும்பா? இது வேற போராட்டம். டீ ஆறுது, குடி.

நாளைக்கி கல்லுமேல துணிய எடுக்கப்போறது செல்லம்மாதான். அதுக்குப் படிக்கத் தெரியாது. என் நோட்டீஸ மடிச்சி பைபிள்ல வெச்சிகீது. எம்புள்ள பயப்படலன்னு போற எடமெல்லாம் சொல்லிக்கினு கீது. என்னைப் பாத்தா கையப் புடிச்சிக்கும். நீயாச்சும் கூட இருந்தியே நைனான்னும்.

டீக்கடை ரேடியோல வயலின் வந்துச்சின்னா நான் எழுந்து போயிடுவேன் மேஸ்திரி. ஊர் எல்லை தாண்டினாலும் என் காதுல அந்த வயலின் நிக்காது.

லட்டியப் பாத்ததும் தபேலாவ போட்டுட்டு மேடைக்குப் பின்னால குதிச்சவன் நானு. மொத ஆளு. மத்தவங்க அப்பால ஓடினாங்க. செவுத்துக்கு அந்தாண்ட நிக்கறேன், வயலின் மட்டும் ஒத்தையா கேக்குது. கொஞ்ச நேரந்தான். நாலாம் நாளு ஆஸ்பத்திரில போயிட்டான்.

அஞ்சாமல்லாம் வாசிக்கல. நான் முடிப்பு குடுப்பேன்னு வாசிச்சான்.

இல்ல, மாத்தாத. எழுதினதையே செதுக்கு. செல்லம்மா தடவிப் பாக்கும். கடைசி எழுத்து முடிச்சதும் சுத்திய மட்டும் என் கையில குடு. மூணு தட்டு பாக்கி கீது.