அவை லவ் பேர்ட்ஸ் அல்ல

முதலில் ஒரு திருத்தம், இன்ஸ்பெக்டர் மேடம். என் வீட்டில் இருப்பவை எல்லாம் லவ் பேர்ட்ஸ் என்று உங்கள் ஆள் எழுதிக்கொண்டிருக்கிறார். அடித்துவிடச் சொல்லுங்கள். ஜன்னலோரம் பெரிய கூண்டில் கூட்டமாக இருப்பவை பட்ஜிகள். தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக விசிலடிப்பது காக்கடீல். காது கிழியக் கத்துவது கன்யூர். கட்டை வால், பச்சை உடம்பு, சிவந்த முகம், தனிக் கூண்டு, அந்த ஒரு ஜோடிதான் லவ் பேர்ட். எல்லாம் கிளிச் சாதிதான். ஆனால் சின்னதாகக் கலர் கலராக எதைப் பார்த்தாலும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிவிட்டுப் போவது நம் ஜனங்களின் வழக்கம். விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. உங்களைச் சொல்லவில்லை.

அந்தப் பெயரில்தான் எல்லாமே ஆரம்பித்தது, அதனால் சொன்னேன்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பவர் பார்ப்பதும் நான்தான், லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பதும் நான்தான். பலகையில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னால், வருகிறவர்கள் பரீட்சைக்கு வந்த மாதிரி முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிட்டு ஒப்பிப்பார்கள். தெரியவில்லை என்று சொல்ல அவ்வளவு வெட்கம். நாங்கள் எந்த லென்ஸை மாட்டினாலும் போட்டுக்கொண்டு போவார்கள். நான் யாருக்கும் தப்பாகப் போட்டதில்லை, ஒருத்தியைத் தவிர.

வீட்டில் நானும் என் தங்கையும்தான். அம்மா இறந்தபோது அவள் கைக்குழந்தை, அப்பாவும் நானும்தான் அவளை வளர்த்தோம். அப்பா அவளைக் கிளி என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூட வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி. கழற்றினால் எதிரே நிற்பது நானா அலமாரியா என்று தெரியாது. அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று.

"கிளிய வளத்து பூனை கையில குடுத்துடாதடா."

எல்லாரும் சொல்கிற பழமொழிதான். ஆனால் அப்பா வாயிலிருந்து வந்தால் அது எனக்கு உத்தரவு.

பறவை வளர்ப்பது பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கூண்டுக் கதவை நான் சாத்துவதே இல்லை. இறக்கையில் நீளமாக இருக்கும் சில சிறகுகளை மட்டும் கத்தரித்துவிட்டால் போதும். நகம் வெட்டுகிற மாதிரி, வலியே கிடையாது. பறவை தானாகவே கூண்டுக்குத் திரும்பிவிடும், கொஞ்ச நாளில் அதுதான் தன் விருப்பம் என்றும் நினைத்துக்கொள்ளும். சிறகு முளைத்தால் திரும்ப வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை, சிறகு வெட்டிய பறவையை உயரத்தில் விடக் கூடாது.

தங்கைக்கு இது பிடிக்காது. நான் கத்தரிக்கோலை எடுத்தாலே, "ஜன்னல சாத்திட்டா போதாதாண்ணா?" என்று கேட்பாள். மனசு அப்படி. சாமர்த்தியம்தான் போதாது.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் வாரத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும். அதைப் பார்க்க வந்தவன்தான் அந்த மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் பல். லிஃப்டைச் சரி செய்ய வந்தவன் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டான், பிறகு காபி கேட்டான், பிறகு அவளையே கேட்டான். கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறதாம், கல்யாணம் செய்து கூட்டிப் போகிறானாம். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோசிக்கலாம் என்றேன்.

அவளுக்குப் பரிசாக அவன் ஒரு ஜோடிப் பறவை வாங்கி வந்தான். அவை நிஜமான லவ் பேர்ட். நான் கடையில் இருந்த நேரம், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவற்றைப் பட்ஜிகளின் கூண்டில் விட்டிருக்கிறார்கள். எல்லாம் லவ் பேர்ட்ஸ்தானே என்ற எண்ணம். நான் வந்து பார்க்கும்போது நீலப் பட்ஜியின் கால் விரலைக் காணோம், தினைத் தட்டு முழுக்க ரத்தம். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பேர்லயே லவ் இருக்கே சார், கடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

என் காதால் கேட்ட முட்டாள்தனங்களில் இதற்குத்தான் முதலிடம். பெயரை நம்பிக் கூண்டைத் திறக்கிறவன் கையிலா எங்கள் கிளியைக் கொடுப்பது? அன்றே அவனை வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதையும் மறைக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புதுக் கண்ணாடி போட்டேன். பவரைக் கொஞ்சம் ஏற்றினேன், பார்வைக் கோணலைச் சரிக்கட்டும் சிலிண்டர் பவரின் கோணத்தைக் கொஞ்சம் திருப்பினேன். அப்படிச் செய்தால் எதிரே இருப்பவரின் முகம் தெரியும், ஆனால் தரை சரியும், தலை வலிக்கும், சுவர் நம் மேல் சாயும். அவள் என்னிடம்தான் வந்து சொன்னாள், "அண்ணா, தரை பள்ளமா இருக்கு" என்று. வேறு யாரிடம் போவாள்? லென்ஸை மாற்றுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன். கண்ணுக்குப் பழக்கமாகிவிடக் கூடாதல்லவா. பிறகு ஒரு நாள், கண் நரம்பு தேய்கிறது, இது நம் குடும்பத்திலேயே இருக்கிற வியாதி என்று சொன்னேன். அவள் காக்கடீலைத் தோளில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை அவளே விட்டாள். அவனிடம் போனில் "குருட்டுப் பொண்டாட்டிய கட்டிக்கிட்டு நீ என்ன பண்ணுவ, விட்டுடு" என்று அவளே சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை, கவனியுங்கள். கதவும் திறந்துதான் இருந்தது.

மானமுள்ளவனாக இருந்தால் அதோடு போயிருப்பான். இவன் போகவில்லை. பெரிய கண் ஆஸ்பத்திரியில் காட்டலாம், வா என்று நச்சரித்தான். அவளும் சம்மதித்துவிட்டாள். அங்கே கண்ணாடியைக் கழற்றி மெஷினில் வைத்தால் என்ன தெரியும் என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும்.

அன்று காலை அவள் தலை வாரி, நல்ல உடை உடுத்தி, கைப்பையோடு வாசலில் நின்றாள். வாசல் மிதிக்கக் கூடாது என்பதால் அவன் கீழே காத்திருந்தான். அவனே லிஃப்டைச் சரி பார்த்து, மூன்றாம் மாடிக்கு அனுப்பியும் வைத்திருந்தான். அது கதவைத் திறந்துகொண்டு எங்கள் எதிரே நின்றது. அவளுக்கு அது சுவரா கதவா என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டாள்.

"ஓடலம்மா. படியில போ. பத்திரம்."

கூட வரட்டுமா என்றும் கேட்டேன். தானே போய்க்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தாள், அவ்வளவு சந்தோஷம். கைப்பிடியைத் தேடி அவள் கை காற்றில் துழாவியதைப் பார்த்தேன். விழுந்தால் ஒரு கால் முறியும், சில மாதம் வீட்டில் படுத்திருப்பாள், அதற்குள் அவன் கப்பல் ஏறிவிடுவான் என்றுதான் கணக்குப் போட்டேன். கழுத்து என்று நினைக்கவில்லை. கணக்குத் தப்பியது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

லிஃப்டைப் பற்றி உங்களிடம் சொன்னது அந்த மெக்கானிக்தான் என்று தெரியும். உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் அவன்தான். பரவாயில்லை, வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெயரை நம்பாமல் பொருளைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். அண்ணன் என்ற பெயரை அவளும் நம்பினாள் என்று அழுதானாம், உங்கள் ஆள் சொன்னார். இப்படிப் பேசுகிறவர்களிடம் என்ன சொல்வது.

எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸைத் திருப்பியது நான். லிஃப்ட் ஓடவில்லை என்று சொன்னது நான். அவள் சாவுக்கு நான்தான் காரணம், கையெழுத்துப் போடுகிறேன். யாராவது தினமும் தினையும் தண்ணீரும் வைக்க வேண்டும். லவ் பேர்ட் ஜோடியை மட்டும் மற்றவற்றோடு சேர்த்துவிட வேண்டாம்.

ஆனால் அந்தக் கிளிப் பழமொழியைத் திருப்பிச் சொல்லிவிட்டு என் முகத்தை அப்படிப் பார்த்தீர்களே, அது நியாயமில்லை. நான் கிளியை யார் கையிலும் கொடுக்கவில்லை. சந்தேகமிருந்தால் இன்னொரு தரம் போய்த் தேடிப் பாருங்கள், மேடம். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.