கதவு மூடிய கப்பல்

எனக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளாது, மேடம். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறினால்கூட வயிறு புரட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அறைச் சுவரில் இருக்கும் கப்பல் வரைபடங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்னை மாலுமி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனையோ கப்பல்களை மூழ்கடித்திருக்கிறேன். ஒன்றில்கூட ஏறியதில்லை.

உட்காருங்கள், காப்பி ஆறிவிடும். என் மனைவி ரோதிகாவின் பொருட்களைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தீர்கள். சால்வை, மோதிரம், ரொட்டி கொண்டுபோன பை. வாங்கிக்கொண்டேன். வழக்கு முடிந்தது என்றீர்கள். அலைதடுப்புப் பாறையில் பாசி, கால் வழுக்கியது, விபத்து. கிளம்பும்போது என் கணினித் திரையைப் பார்த்து, "இந்தக் கப்பல் ஏன் முழுகவே மாட்டேங்குது?" என்று கேட்டீர்கள். போன வருடம் வந்த உங்கள் ஆட்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் உங்களை இருக்கச் சொன்னேன்.

இது நீர்மூழ்கி விளையாட்டு. நீங்கள் கடலுக்கடியில் இருக்கிறீர்கள். பெரிஸ்கோப்பில் ஒரு சரக்குக் கப்பல் தெரிகிறது. டார்பிடோ விடுகிறீர்கள். விளையாட்டு வந்த புதிதில் அதில் கப்பல்கள் மூழ்கிய விதம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் உயிர் என்று ஓர் எண் வைத்திருந்தார்கள். அடி விழ விழ எண் குறையும். பூஜ்யத்துக்கு வந்ததும் கப்பல் நெருப்பு உருண்டையாகிக் கல் போலக் கீழே போய்விடும். கப்பல் அப்படிச் சாவதில்லை. அதைக் கொல்வது வெடி இல்லை, தண்ணீர். தண்ணீருக்கு நேரம் வேண்டும்.

இந்த விளையாட்டைப் பிரித்துத் திருத்தி, திருத்தியதை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. நான் அதில் ஒருவன். ஒவ்வொரு கப்பலையும் அறை அறையாகப் பிரித்தேன். எந்த அறையில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு வேகத்தில் நிரம்பும், நடுவில் இருக்கும் தடுப்புச் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும், எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன். மரம் ஏற்றிய கப்பல் பாதி நாள் மிதக்கும். இரும்புத் தாது ஏற்றியது நீங்கள் பெரிஸ்கோப்பை இறக்கி ஏற்றுவதற்குள் போய்விடும். நார்வேயிலிருந்து ஒருவர் எழுதினார்: "உங்க கப்பல் ஒண்ணை அடிச்சேன். அது போற வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன். விட்டுட்டுப் போக மனசு வரல." எனக்கு வந்த பாராட்டுகளில் பெரியது அதுதான்.

ரோதிகா ஒரு நாளும் அதை விளையாடியதில்லை. அவள் நிஜக் கப்பலில் சமையற்காரியாக இருந்தவள். பழைய இரும்பு ஏற்றும் சரக்குக் கப்பல். அவள் தம்பி கோஸ்டின் அதே கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தான். ஒரு மார்ச் மாத மூடுபனியில் வேறொரு கப்பல் வந்து விலாவில் முட்டியது. ரோதிகா உயிர்காப்பு மிதவையில் ஏறித் தப்பினாள். கோஸ்டினின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாததால் ஒவ்வொரு மார்ச் மாதமும் அவளும் அவள் அம்மாவும் அலைதடுப்புக்குப் போவார்கள். அவன் பேரைச் சொல்லி, வேகவைத்த இனிப்புக் கோதுமையை எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, ஒரு வட்ட ரொட்டியில் மெழுகுவர்த்தியைக் குத்திக் கடலில் விடுவார்கள்.

நான் அவளைக் கல்யாணம் செய்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கப்பலைப் பற்றி அவள் பேசமாட்டாள். நானும் வெகுநாள் கேட்டதில்லை. முதன்முதலில் கேட்டது ஒரு சத்தத்தைப் பற்றி மட்டும்.

"போறப்ப கப்பல் என்ன மாதிரி சத்தம் போடும்?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"மாடு மாதிரி," என்றாள். "கன்னு வெளிய வராத மாடு."

அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்து விளையாட்டில் சேர்த்தேன். அந்த வாரம் கூட்டம் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. அதன்பிறகு கேட்பது எளிதாகிவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தனவா, ஒரேயடியாகவா. முதலில் வந்தது எண்ணெயா, தண்ணீரா. சாய்ந்தபோது பாத்திரங்கள் எந்தப் பக்கம் ஓடின. அவள் சொல்வாள். நான் ப்ளம் சாராயம் ஊற்றிக் கொடுப்பேன். ஒரு நாளும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லி முடித்தபின் சில நாட்களில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பாள். பேசினால் மனசு லேசாகும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

என் கூட்டாளி ஹோரியா, புதுக் கப்பல்களை முதலில் அடித்துப் பார்த்துச் சொல்பவன், ஒரு நாள் சாப்பிட வந்திருந்தான். வறுத்த நெத்திலியை நடுவில் வைத்துக்கொண்டு, மிதவையின் கயிற்றை யார் அறுத்தது என்று அவளிடம் கேட்டேன்.

"டேய் திபி, அது உன் பொண்டாட்டிடா. கப்பலோட கறுப்புப் பெட்டி இல்ல," என்றான் ஹோரியா.

"விடுங்கண்ணே," என்றாள் ரோதிகா. "இவன் வேற எதுக்கு என்கிட்ட பேசுறான்? நான் ஒழுங்கா கரை சேர்ந்திருந்தா என்னைத் திரும்பிக்கூட பார்த்திருக்க மாட்டான்."

நானும் அவளும் சிரித்தோம். ஹோரியா தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். பிறகு அவன் இங்கே சாப்பிட வரவில்லை.

கதவைப் பற்றி அவளாகத்தான் சொன்னாள். அவர்கள் கப்பலில், சமையலறை நடைவழியிலிருந்து இயந்திர அறைக்கு இறங்கும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு. மூடினால் தண்ணீர் புகாது. கடலில் அதை மூடித்தான் வைக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்க அந்தக் கனத்தை யார் தள்ளித் தள்ளித் திறப்பது என்று எல்லோரும் திறந்தே வைத்திருப்பார்கள். கோஸ்டினுக்கு வேலை வந்தால் சாப்பாடு மறந்துவிடும். அன்றைக்கு அவள் புளிப்புச் சூப்பைப் பானையோடு தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். காலிப் பானைக்குத் திரும்பி வர வேண்டுமே என்று, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் ஏப்ரன் நாடாவை அவிழ்த்துக் கதவைக் குழாயோடு கட்டிவிட்டு மேலே வந்தாள். அப்போதுதான் முட்டியது.

"நான் அதை மூடியிருந்தா அவன் பொழச்சிருப்பானா?" என்று கேட்டாள். "உன் விளையாட்டுல போட்டுப் பார்க்க முடியுமா, திபி?"

விசாரணையில் அவள் அதைச் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அத்தனை வருடமும் அந்த முடிச்சு அவள் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் இருவரும் அந்தக் கப்பலைக் கட்டினோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளோடு தோள் உரச உட்காருவாள்.

"அடுப்பு அங்க இல்ல. இந்தப் பக்கம் தள்ளு. நீ வெச்ச இடத்துல ஒரு முட்டை பொரிக்க முடியாது."

"விளையாட்டுல யாரும் முட்டை பொரிக்க மாட்டாங்க."

"அதான் உன் கப்பல்ல எல்லாரும் சாவுறாங்க. பசியில."

விளையாட்டில் மூடுபனியில் வந்து முட்டும் கப்பல் கிடையாது. அதனால் அதே இடத்தில் அதே அளவு ஓட்டை விழும்படி ஒரு டார்பிடோவை வைத்தேன். ஓட்டையைப் போட்டது யார் என்று தண்ணீர் கேட்பதில்லை.

கட்டி முடித்ததும், அவள் கடைக்குப் போயிருந்தபோது ஓட்டிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தபோது அவள் சொன்ன மாதிரியே போனது. விளக்குகள் ஒரேயடியாக அணைந்து, பின்பக்கமாகச் சாய்ந்து. பிறகு கதவை மூடிவிட்டு ஓட்டினேன். அப்போதும் போனது. சரக்கறைக்கும் இயந்திர அறைக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சுவர் பாரம் தாங்காமல் உடைந்தது. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஒரு ஆள் படியேறி வரக்கூடப் போதாத தாமதம். சரக்கைக் குறைத்துப் பார்த்தேன். ஓட்டையைச் சிறிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மூழ்கியது. கதவால் ஒன்றும் ஆகவில்லை, மேடம். அவளால் ஒன்றும் ஆகவில்லை.

அதைச் சொல்லச் சந்தோஷமாகத்தான் எழுந்து போனேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவள் அதற்குள் கடையிலிருந்து திரும்பி, படுக்கையறையில் பெட்டியைத் திறந்து வைத்துக் கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ப்ராஷோவ் பக்கம் மலையில ஒரு விடுதி. சமையலுக்கு ஆள் கேட்டிருக்காங்க," என்றாள். "ஜன்னலைத் திறந்தா பைன் மரந்தான். கடலே தெரியாது."

"எப்ப போற?"

"கதவு விஷயம் தெரியட்டும். என் தப்பு இல்லேன்னு ஆயிட்டா மறுநாளே கிளம்பிடுவேன்."

"தப்புன்னு ஆனா?"

"அப்ப எங்க போக? அவனைத் தண்ணில போட்டுட்டு நான் மட்டும் மலையில போய் இருக்கவா?" ஒரு சட்டையை உதறி மடித்தாள். "நீயும் வாயேன். அங்கயும் கரண்ட் இருக்கு, உன் கப்பலெல்லாம் ஓடும்."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் பெட்டிக்குள் என் சட்டை ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் அவளை இந்த வீட்டில் கட்டி வைத்திருந்தது நான் இல்லை, அந்த ஏப்ரன் நாடா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. ஞாயித்துக்கிழமை காட்டுறேன்," என்றேன்.

நான் மாற்றியது ஒரே ஒரு எண். அந்தத் தடுப்புச் சுவர் தாங்கும் பாரம். யோசித்துப் பாருங்கள், அந்தச் சுவரின் நிஜ பலம் யாருக்குத் தெரியும்? முதலில் போட்டதும் என் கணிப்புதான். இரண்டாவதும் என் கணிப்புதான். ஒரு கணிப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததைப் பொய் என்று சொல்ல முடியுமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு மதியம் அவளைக் கூப்பிட்டேன். முதலில் திறந்த கதவு. என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கப்பல் போகும் வரை நின்றாள். பிறகு மூடிய கதவு. கப்பல் குலுங்கியது, சாய்ந்தது, கொஞ்சம் தாழ்ந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"விளக்கு எரியுது," என்றாள்.

"ஆமா."

"கீழயுமா?"

"கீழ தண்ணியே இல்ல. அதனாலதான் விளக்கு எரியுது."

திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"விடியிற வரைக்கும் நிக்குமா?"

"நிக்கும்."

அழுவாள் என்று நினைத்தேன். கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

போகவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, அது நடந்தது. அதன்பிறகு தினமும் சாயங்காலம் வந்து, "அதைப் போடு," என்பாள். மூடிய கதவைப் போடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து, மூழ்காத அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சூப் வைப்பதை நிறுத்திவிட்டாள். பேச்சும் குறைந்துவிட்டது. ஆனால் தோள் என் தோள் மேல் இருக்கும். ஒரு நாள் கையை நீட்டித் திரையில் சமையலறை விளக்கைத் தொட்டாள். சற்று முன் தூசி என்று நீங்கள் துடைக்கப் போனது அவள் விரல் தடம்.

மார்ச் வந்தது. அந்த முறை அவள் அம்மாவுக்குக் காய்ச்சல், அவர் ஊரான ப்ரயிலாவிலிருந்து வரமுடியவில்லை. ரோதிகா தனியாக அலைதடுப்புக்குப் போனாள். நான் போகவில்லை. அலையைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். மீன்பிடிக்கிறவர்கள் ரொட்டி மிதப்பதைப் பார்த்தார்கள், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருந்ததாம். பாறை மேல் சால்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் மோதிரம், காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். கால் வழுக்கி விழுகிறவர்கள் சால்வையை மடித்து வைப்பதில்லை, மேடம். உங்கள் ஆட்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. விபத்து என்றால்தான் பாதிரியார் முழுச் சடங்கும் செய்வார். தம்பி மாதிரி இல்லாமல் அவளாவது கிடைத்தாள். அவளுக்குக் கல்லறை இருக்கிறது.

அடக்கம் முடிந்ததும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்ள? எம் பொண்ணுக்கு என்ன கொறை? அவ வழுக்கி விழுறவ இல்ல, எனக்குத் தெரியும். எங்கிட்ட மறைக்காதீங்க."

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. கதவைப் பற்றிச் சொன்னேன். கட்டிவிட்டு வந்தது அவள்தான், மூடியிருந்தால் கோஸ்டின் பிழைத்திருப்பான், அது தெரிந்ததும் அவளால் தாங்க முடியவில்லை என்று. என் கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அவளா," என்றார்.

நேற்று அக்கா தம்பி இருவருக்கும் நினைவு நாள். அம்மா வந்திருந்தார். இந்த அடுப்பில்தான் கோதுமை வேகவைத்தார். நான் கடையிலிருந்து இரண்டு வட்ட ரொட்டி வாங்கி வந்திருந்தேன். ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணு போதும் மாப்ள," என்றார். "எம் பையனுக்கு."

அந்த ரொட்டி இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இந்தக் கப்பல் மூழ்காததற்குக் காரணம் நான். அந்த எண்ணைப் பழையபடி மாற்றிவிட்டால் மூழ்கிவிடும், கதவு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும். அது தெரிந்துகொண்டேதான் அவளுக்கு இதைக் காட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் அம்மா உள்ளறையில் தூங்குகிறார், சாயங்காலப் பேருந்துக்கு ஊர் திரும்புகிறார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவருக்கு என்மேல் நல்ல எண்ணம் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் பறிகொடுத்த மனுஷி, அவர் மனதை ஏன் வீணாக உடைக்க வேண்டும்.