கறுப்பு மட்டும் அடிக்கிற மெசின்

சுஹறா: அதில ஏறாதீங்க மச்சான்! பாயில ஏறாதீங்க எண்டு எத்தின தரம் சொல்ற?

மசூர்: ஒரு கிழமைக்கு மேல கொழும்பில கிடந்திட்டு ஊட்டுக்கு வந்த மனிசன்... பாயில இரிக்கவும் உன்னட்ட உத்தரவு வேணுமா?

சுஹறா: இஞ்சால கதிரையில இரிங்க. ராவு மழைக்கு ஒழுகி நடுவற நிலமெல்லாம் ஈரம்.

மசூர்: மழயா? மட்டக்களப்பிலிரிந்து கல்முன வரைக்கும் ரோட்டெல்லாம் புழுதி பறக்குது புள்ள!

சுஹறா: நம்மட கூரைக்கு மட்டும் பெய்ஞ்ச. அல்லாட றஹ்மத்து. தேத்தண்ணியக் குடிங்க... அதென்ன சேட்டில கறுப்பு?

மசூர்: இதா... இது றெயில் கோச்சிக் கரி.

சுஹறா: கோச்சிக் கரி கிறீஸ் மாதிரி வழுக்குமா?

மசூர்: வந்ததும் வராததுமா பொலிஸ் விசாரணையா? புருசன் அச்சு மெசின் பாக்கப் போனானே, மெசின் எப்பிடி எண்டு கேப்பாய் எண்டு பாத்தா, சேட்டக் கேக்கிறாய்.

சுஹறா: சரி... மெசின். எத முடிச்ச?

மசூர்: ஒண்டும் முடிக்கல்ல. உன்னக் கேக்காம முடிப்பனா?

சுஹறா: எங்கட வாப்பா சொல்லித் தந்த மாதிரிக் கதைச்சீங்களா, கடைக்காரனோட?

மசூர்: ஓம் ஓம். மீராசாஹிபு மாமாட மாட்டுச் சந்தைப் பாடம்தானே. வாங்கிற மாட்டப் பாக்காத. பக்கத்து மாட்டுட பல்லப் புடிச்சுப் பாரு, முதுகத் தடவு. வாங்கிற மாட்டுக்கு மட்டும் குறை சொல்லு...

சுஹறா: சிரிக்காதீங்க. அந்தப் பாடத்தாலதான் எங்கட வாப்பா ஒருநாளும் ஏமாந்தில்ல.

மசூர்: மாமா கெட்டிக்காரன், ஆரு இல்லெண்ட? கேளு. கடைக்காரன் ரெண்டு மெசின் காட்டினான். ஒண்டு பெருசு. உருள மெசின், எண்ணெய் எஞ்சினில ஓடுறது. மத்தது நம்மட பழசு மாதிரிக் காலால மிதிக்கிறது. ஆனாப் புதுசு. பாத்தா முகம் தெரியும், அவ்வளவு மினுக்கம்.

சுஹறா: பெருசு எப்பிடி?

மசூர்: அதுவா... அது கறுப்பு மட்டும் அடிக்கிற மெசின் புள்ள. அதுட மை உருளையக் கழுவி நிறம் மாத்திறதெண்டா ஒரு பகல் போயிரும். சின்னது அப்பிடியில்ல. காலம சிவப்பு, பின்னேரம் பச்ச. கலியாணத்துக்கு அழைக்கிற காட்டுக்கு என்ன அழகு!

சுஹறா: வருசம் முழுக்கக் கலியாணக் காட்டா அடிக்கிறீங்க? அரிசி மில் பில்லு, படம் ஓடுற நோட்டீசு, பள்ளிக்கூடத்துச் சோதினைத் தாள்... இதில எது பச்ச, எது சிவப்பு?

மசூர்: அது சரி... எண்டாலும்...

சுஹறா: கல்லோயா அரசாங்கக் கந்தோர்க் கடதாசி வேலை நம்மட்ட வராம ஏன் மட்டக்களப்புக்குப் போகுது? மசூர் மிதிச்சு முடியிறதுக்குள்ள வெள்ளாம விளைஞ்சு, வெட்டி, சோறாக்கித் திண்டும் முடிஞ்சிரும் எண்டு கதைக்கிறாங்களாம்.

மசூர்: ஆரு கதைச்ச? என்ட காலப் பத்தியா?

சுஹறா: உங்கட காலுக்கு என்ன குறை? மெசினுக்குத்தான் குறை. அந்தப் பெருசு எவ்வளவு கெதியா அடிக்கும்?

மசூர்: நீ வெத்திலயப் போட்டுத் துப்புறதுக்குள்ள ஒரு கட்டுக் கடதாசி முடிஞ்சிரும். பெரிய தாள் புள்ள, பாய் மாதிரி...

சுஹறா: பாயப் பத்திக் கதைக்காதீங்க!

மசூர்: என்ன?

சுஹறா: ஒண்டுமில்ல. சொல்லுங்க.

மசூர்: கெதி இரிக்கி, நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனாச் சத்தம்! இந்த ஊடே நடுங்கும். நம்மட மகள்ர கலியாணம் வருகுது. மாப்பிள இஞ்சதான் வாழ வாறார். புது மாப்பிளைக்கு மெசின் சத்தத்தில நித்திர வருமா?

சுஹறா: ஜவுபர் மருதமுனைப் புள்ள. தறிச் சத்தத்தில பொறந்து, தறிச் சத்தத்தில வளந்தவர். சத்தம் நிண்டாத்தான் அவருக்கு முழிப்பு வரும்.

மசூர்: ஹா ஹா! மருமகனுக்கு இப்பவே வக்கீலா?

சுஹறா: அது ஆரு, ரோட்டில ஹோன் அடிக்கிற?

மசூர்: மீன் லொறியாக்கும்.

சுஹறா: மீன் லொறி விடியவே போயிட்டு. இப்பப் பின்னேரம், அஸரும் தொழுதாச்சு.

மசூர்: அப்ப... பிந்திப் புடிபட்ட மீனாக்கும்.

சுஹறா: நீங்க ஏன் எழும்பி எழும்பி வாசலப் பாக்கிறீங்க?

மசூர்: நானா? காத்துக்கு. நீ ஏன் அந்தப் பாயக் கோழி முட்டைய மாதிரிக் காத்துக்கிட்டு இரிக்கிறாய்?

சுஹறா: ஈரமெண்டு சொன்னன்தானே!

மசூர்: சரி, சரி. இப்பக் கேளு புள்ள. நமக்குச் சின்னதுதான் தோது. கலியாணம் முடிய இந்த ஊடு மகளுக்கு. உன்ட உம்மா உனக்குத் தந்த, நீ அவளுக்குக் குடுக்கிறாய். நீயும் நானும் பின் வளவுக்குப் போறம். சின்ன மெசினெண்டா நாலு பேர் தூக்கிச் சந்தையடியில ஒரு கடையில வெச்சிரலாம்.

சுஹறா: பெருசு?

மசூர்: பெருச நிலத்தத் தோண்டிச் சீமெந்துக் கட்டுப் போட்டு, போல்டால இறுக்கிறது. பொறகு அசைக்க ஏலாது. ஊட்டோட நிண்டிரும்.

சுஹறா: நிண்டா என்ன?

மசூர்: நிலத்தோட இறுக்கின சாமான் நிலத்துக்காரிக்கு. ஊடு மாறிப் போறவன் கிணத்துத் துலாவக் கழட்டித் தோளில வெச்சிட்டா போறான்? அப்பிடித்தான். என்ட அச்சுக்கூடம் முழுக்க மகள்ர கைக்குப் போயிரும்.

சுஹறா: போனா?

மசூர்: நில்லு, அவளையே கேப்பம். மகள்! ஸம்ஸியா!

ஸம்ஸியா: என்ன வாப்பா?

மசூர்: திரைக்குப் பின்னால இரிந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இரிக்கிறாய். நீ சொல்லு. பெருசா, சின்னதா?

ஸம்ஸியா: எனக்கென்ன வாப்பா... எந்த மெசின் எண்டாலும் ஒண்டுதான். நான் எழுத்துக் கோர்த்துக்கிட்டு இரிக்கன். நாளைக்குப் படம் மாறுது, நோட்டீசு குடுக்கணும்.

மசூர்: கேட்டியா? புள்ளையே சொல்லிட்டாள்.

சுஹறா: அவள் அப்பிடித்தான் சொல்லுவாள். மச்சான்... இஞ்ச பாருங்க. அந்தச் சத்தம் கேக்குதா?

மசூர்: எந்தச் சத்தம்?

சுஹறா: டிக்... டிக் எண்டு. ஈய எழுத்த எடுத்து வெக்கிற சத்தம். பெரிய புள்ளையாகிப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டின நாளிலிரிந்து அந்தத் திரைக்குப் பின்னால இரிந்து கோர்க்கிறாள். ஊரார் வாசிக்கிற நோட்டீசெல்லாம் அவள்ர விரலால வந்த. மெசினச் சந்தையடிக்குத் தூக்கிட்டுப் போனா அவள் அங்க வந்து இரிக்க ஏலுமா? உடுவீங்களா? ஊர் உடுமா?

மசூர்: கலியாணம் முடிஞ்சா ஊட்டு வேலை...

சுஹறா: சோறாக்கிற கை எல்லா ஊட்டிலயும் இரிக்கி. இந்தக் கை எந்த ஊட்டில இரிக்கி? அவள் வாய் தொறந்து கேக்கமாட்டாள். கேக்காத புள்ளைக்கு நம்மதானே பாத்துக் குடுக்கணும்? அந்தச் சத்தம் இந்த ஊட்டில நிண்டுபோனா என்ட நெஞ்சு வெடிச்சிரும் மச்சான்! பெருசக் கொண்டு வாங்க. தோண்டுங்க, இறுக்குங்க. ஊட்டோட அதுவும் என்ட மகளுக்கு!

மசூர்: திரும்பச் சொல்லு.

சுஹறா: என்னத்த?

மசூர்: தோண்டுங்க எண்டு சொன்னியே... அத.

சுஹறா: தோண்டுங்க! இறுக்குங்க! நூறு தரம் சொல்லுவன். என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?

மசூர்: அல்ஹம்துலில்லாஹ்! இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு நேரமும் சின்ன மாட்டுட பல்லப் புடிச்சிக்கிட்டு இரிந்தன்.

சுஹறா: அப்ப... கலியாணக் காட்டு, சிவப்பு, பச்ச...

மசூர்: எல்லாம் மாமாட பாடம்! ஊடு உன்ட. நிலம் உன்ட. வந்து குடியேறின மாப்பிள நான், உன்ட நடுவறையத் தோண்டப்போறன் எண்டு எந்த வாயால கேக்கிற? நீயாச் சொல்லணும் எண்டு இரிந்தன். என்ட தொழில் என்ட மகள்கிட்டப் போனா எனக்கென்ன நட்டம்? போகாட்டித்தான் கவல.

சுஹறா: கள்ளன்! மாமனார்ட பாடத்த மாமனார்ட மகள்கிட்டயேவா?

மசூர்: இன்னும் ஒண்டு சொல்லணும்... ஏசக்கூடாது.

சுஹறா: அந்த மீன் லொறியா?

மசூர்: ...ஓம். மீனில்ல. மெசின். மட்டக்களப்புக் கோச்சியடியில நானும் சேந்துதான் ஏத்தின. இது கரியில்ல, கிறீஸ்தான்.

சுஹறா: யா அல்லாஹ்! என்னக் கேக்காம முடிக்கமாட்டன் எண்டீங்களே!

மசூர்: முடிச்சிட்டுத்தான் கேட்டன். ஆனாச் சுஹறா, இப்பப் பெரிய சிக்கல். லொறிக்காரன் பொழுதுபட முதல், மஃரிபுக்கு முதல் இறக்கச் சொல்றான், அவனுக்குப் பொத்துவில் போகணும். நிலம் தோண்டல்ல, சீமெந்து போடல்ல. போட்டாலும் இறுகிறதுக்கு நாள் எடுக்கும். அவ்வளவு பாரத்த வெறும் நிலத்தில வெச்சாப் புதைஞ்சிரும். எங்க இறக்கிற? நீ என்ன... நீ என்னத்துக்கு இப்பச் சிரிக்கிறாய்?

சுஹறா: பாயில ஏறுங்க மச்சான்.

மசூர்: ஆ?

சுஹறா: ஏறுங்க. ஏறி நல்லாக் குதிங்க.

மசூர்: இதென்ன புள்ள... பாய்க்குக் கீழ கல்லு மாதிரி... தூக்கு, பாயத் தூக்கு! சுஹறா! சீமெந்துக் கட்டு!

சுஹறா: நீங்க கோச்சியேறின அண்டைக்கே மேசன் முகைதீன்பாவாக் காக்காவக் கூப்பிட்டுப் போட்ட. இறுகட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் தண்ணி தெளிச்சன். அந்த ஈரம்தான் நான் சொன்ன மழ.

மசூர்: அப்ப நீயும்...

சுஹறா: கட்டக் கட்டிப்போட்டா உங்களுக்குப் பெருசத் தவிர வேற வழி இல்லாமப் போயிரும்தானே! நீங்க உங்கட தொழில மகளுக்கு உட்டுக்குடுக்கமாட்டீங்க எண்டு பயந்துபோய்... என்ட மூளையப் பாத்தீங்களா?

மசூர்: மூளதான்! ஆனா நில்லு... போல்ட் ஓட்டயும் உட்டிரிக்கி. நீளமும் சரி... அகலமும் சரி... அப்பிடியே பொருந்தும் போல கிடக்கு! அளவ ஆரு தந்த?

சுஹறா: ஒருத்தரும் தரல்ல. ஸம்ஸியா சோக்கால நிலத்தில கீறிக் காட்டினாள். "பெருச வெச்சா உங்கட நடுவறையில இவ்வளவு இடம் நாசமாப் போயிரும் உம்மா, சீமெந்து மட்டும் போட்டிராதீங்க, பொறகு வாப்பாக்கு வேற வழியில்லாமப் போயிரும்" எண்டு. அந்தக் கோட்டுக்கு மேலதான் முகைதீன்பாவாக் காக்கா கொட்டின.

மசூர்: போல்ட் ஓட்டைக்கும் அவள்தான் வட்டம் போட்டாளா?

சுஹறா: ஓம். "இந்த இடத்திலெல்லாம் ஓட்ட விழும், எவ்வளவு அசிங்கம் பாருங்க உம்மா" எண்டாள்.

மசூர்: சுஹறா...

சுஹறா: என்ன?

மசூர்: நான் கொழும்புக்குப் போக முதல் என்னட்டயும் வந்தாள். "பெருசு வேணா வாப்பா, அது ஊட்டோட நிண்டிரும், பொறகு மகளுக்குத்தான் எண்டு ஆயிரும்" எண்டு மெசின் கடைக்காரன்ட படப் புத்தகத்தக் காட்டிக் காட்டிக் குறை சொன்னாள். அதக் கேட்ட பொறகுதான் எனக்கு அந்த நெனப்பே வந்த. நானாக் கண்டுபுடிச்ச நெனப்பெண்டுதான் இவ்வளவு நாளும்...

சுஹறா: பொறுங்க, வாசல்ல ஆரோ சத்தம்.

மசூர்: இவங்க... கடக்கரையில கரவல இழுக்கிற ஆக்கள்! வடத்தோட வந்து நிக்கிறாங்க, உருட்டுறதுக்குத் தென்னங்குத்தியும் கொண்டு வந்திரிக்காங்க. மெசின் இழுக்க நீ சொல்லி அனுப்பினியா?

சுஹறா: எனக்கு லொறியே இப்பத்தானே தெரியும்! நீங்க இல்லயா?

மசூர்: நான் இல்ல.

சுஹறா: அப்ப...

மசூர்: ஸம்ஸியா!

ஸம்ஸியா: வாறன் வாப்பா. படங்கு மூடின லொறியக் குசினி ஜன்னலால கண்ட உடன நான்தான் சொல்லி அனுப்பின. மஃரிபுக்கு முதல் இறக்கணுமே. கெதியா எழும்புங்க ரெண்டு பேரும்.

மசூர்: இஞ்ச வா... முன்னுக்கு வந்து நில்லு. கண்ணெல்லாம் என்ன தண்ணி?

ஸம்ஸியா: மை பட்ட.

சுஹறா: மெய்யச் சொல்லு மகள்.

ஸம்ஸியா: சந்தோசம் உம்மா. வேற என்ன?

மசூர்: அப்பக் கொஞ்ச நேரத்துக்கு முதல், எந்த மெசின் எண்டாலும் ஒண்டுதான் எண்டு அந்தத் திரைக்குப் பின்னால இரிந்து சொன்னது ஆரு?

ஸம்ஸியா: வாங்கிற மாட்டப் பாக்கலாமா வாப்பா? நானும் மீராசாஹிபுட பேத்திதானே!