பதினொன்று இருபதுக்கு வந்த அழைப்பு

உங்கள் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் லைனைக் காக்க வைக்கும்போது போடும் இசை கொஞ்சம் சத்தம் அதிகம். மற்றபடி என்னிடம் பேசிய அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பத்து நாலு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவன் சொல்கிறேன், நல்ல குரல்.

நீங்கள் எழுதித் தரச் சொன்னது ஒரே ஒரு கேள்விக்கான பதில். போன வருடம் மேற்படிப்புக்கான காத்திருப்போர் பட்டியலில் இருந்த என் மகள், கிடைத்த இடத்தை ஏன் வேண்டாம் என்றாள்? கடிதம் இல்லை, போனில் சொன்னதாகக் குறிப்பு மட்டும் இருக்கிறது என்றீர்கள். சொன்னது அவள் இல்லையென்றால், வெள்ளிக்கிழமைக்குள் அவளை நேரில் அழைத்து வந்தால் இந்த வருடம் அந்த இடத்தைத் தருவதாகவும் சொன்னீர்கள். பெருந்தன்மைதான். எனக்குக் கதையில் காரம் கூட்டும் பழக்கம் உண்டு. ஆனால் தேதியிலும் நேரத்திலும் பொய் சொன்னதில்லை. அது தொழில் புத்தி.

வேலையில் இருந்தபோது ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் என்னோடு பேசுவார்கள். சரி, எண்ணூறு. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒருவரும் இல்லை. மனைவி போய் ஆறு வருடம். மகள் காலையில் நூலகம் போனால் பொழுது சாய்ந்து வருவாள். தட்டோடு அறைக்குள் போய்ப் படிக்க உட்கார்ந்துவிடுவாள். நான் ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பேன். வரும். வைத்துவிடுவேன். காப்பீடு விற்கக் கூப்பிட்ட ஒருவரை முக்கால் மணி நேரம் பிடித்து வைத்திருந்தேன். கடைசியில் அவரே, "சார், விட்டுடுங்க சார், எனக்கு வேற ஆளுங்க கிட்டயும் பேசணும்" என்று கெஞ்சினார்.

அப்படி இருக்கும்போதுதான் போன வருட நுழைவுத் தேர்வு முடிவு வந்தது. முதல் நூறுக்குள் வருவேன் என்றிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. அவள் அழுத அழுகையைப் பிடித்து வைத்திருந்தால் மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டிருக்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டவள் மூன்றாம் நாள் திறந்தாள். நான் வெளியே நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். வந்து என் தோளில் சாய்ந்தாள். ஆறு வருடத்தில் என் தோளில் யாரும் சாய்ந்ததில்லை.

மகளைத் தேற்றுவதில் நான் கெட்டிக்காரன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பழைய டாக்டர்கள் போனில் உளறியதையெல்லாம் அவரவர் குரலில் பேசிக்காட்டினேன். எட்டாம் நாள் சிரித்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொண்ணு சொல்லுங்கப்பா" என்றாள். அவளுடைய தோழிகள் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டபோது, தூங்குகிறாள் என்று நானே சொல்லி வைத்தேன். நோயாளியை அலைக்கழிக்கக் கூடாது. அது மருத்துவமனைப் பழக்கம்.

இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபதுக்கு உங்கள் அழைப்பு வந்தது. விண்ணப்பத்தில் வீட்டு நம்பரைக் கொடுத்தது அவள்தான். தன் செல்போன் பாதி நேரம் ஊமையாகக் கிடக்கும், அப்பா என்றால் இரண்டாவது மணிக்கே எடுத்துவிடுவார் என்று அவளுக்கு நம்பிக்கை. எடுத்தேன். பட்டியலில் மேலே இருந்த ஒருவர் விலகியதால் ஓர் இடம் வந்திருக்கிறதாம்.

"அவங்ககிட்டயே பேசிடலாமா சார்?"

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு.

"அவ வேற எடத்துல சேந்துட்டாம்மா. இது வேணாம்னு சொல்லச் சொன்னா."

"அப்படியா. சந்தோஷம் சார்."

ரிசீவரை வைத்ததும் பால்கனியிலிருந்து கேட்டாள், யாருப்பா என்று. ராங் நம்பர் என்றேன்.

நான் கடமை தவறவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் இணைப்பகத்தில் ஆள் இல்லாதபோது அழைப்பு வந்தால், நேரம், பெயர், விஷயம் மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். அன்றும் எழுதினேன். இதோடு இணைத்திருக்கிறேன். எழுதுவது ஆபரேட்டர் வேலை. கொண்டு போய்க் கொடுப்பது பியூன் வேலை. வீட்டில் பியூன் இல்லாதது என் தவறா, சொல்லுங்கள்.

துரதிர்ஷ்டவசமாக அவள் சீக்கிரம் தேறிவிட்டாள். மறுபடி நூலகம், மறுபடி தட்டோடு அறைக்குள். முன்பைவிட மும்முரம். மாதிரித் தேர்வில் எல்லாம் வெளுத்து வாங்கினாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டால், பிறகு பகல் முழுக்க வேறு சத்தம் கிடையாது.

இந்த வருடத் தேர்வன்று காலை அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். தும்மலுக்குச் சாப்பிட்டால் தூக்கம் வருகிற மாத்திரை தெரியுமே, அதில் இரண்டைக் கலந்தேன். உயிருக்கு ஒன்றும் ஆகாது. முப்பத்து நாலு வருடம் மருத்துவமனையில் இருந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா. சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன். குடித்துவிட்டு, "இன்னைக்கு என்னப்பா, இவ்ளோ பாசம்" என்று கிண்டல் செய்தாள். என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மாலையில் வந்து செருப்போடு சோபாவில் உட்கார்ந்தாள்.

"மூணாவது கேள்வியிலயே கண்ணு சொக்கிடுச்சுப்பா. படிச்சதுதான், ஆனா எழுத்தே நிக்கல. என் மூளைக்கு அவ்ளோதான் போல."

"விடும்மா. நான் இருக்கேன்ல?"

"நீங்க மட்டும் இல்லன்னா செத்திருப்பேன்ப்பா."

இந்த வாக்கியத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மகள் இப்படிச் சொல்லிக் கேட்க எத்தனை தகப்பன்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

ஆக, இடம் வேண்டாம் என்று சொன்னது நான். இந்த வருட மதிப்பெண்ணுக்கும் நானே பொறுப்பு. என் மேல் நீங்கள் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கலாம். விசாரணை என்று நாலு பேர் வீட்டுக்கு வந்தால் எனக்கும் பேச்சுத் துணை. ஆனால் வெள்ளிக்கிழமை அவளை அழைத்து வரும் உத்தேசம் எனக்கில்லை. ஆறின புண்ணைக் கீறக் கூடாது.

அவள் இப்போது அழுவதில்லை. புத்தகங்களைத் தானே கட்டி எடைக்குப் போட்டுவிட்டாள். மூன்று மாதமாக ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் கேட்கிறாள்; சொன்னதையே திரும்பச் சொன்னாலும் தடுப்பதில்லை. சில நாள், "கடைக்குப் போய்ட்டு வரட்டுமாப்பா" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மாட்டிய செருப்பைக் கழற்றிவிடுகிறாள். நான் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், தூங்கச் சொன்னால் தூங்குகிறாள். அவளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை.