பிடித்து வைத்ததை விடுவிக்கும் நாள்

மூன்றாம் மாடியின் மூலை மேசையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் முகஞ்சுளிக்காது பணி முடித்த மூத்தவரே! நகரின் நீரேற்று நிலையங்களை நடத்தும் கணினி நிரலின் நாயகரே! எங்கள் அன்பில் ஊறிய சிக்னல் சாரே! வணக்கம்.

ஓடும் நிரலை இடைமறித்து 'நில்' என்று வரும் கட்டளைக்குச் சிக்னல் என்று பெயர். தொட்டியின் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் நேரத்தில் அது வந்தால் பாதிப் பதிவோடு நிரல் நின்றுபோகும். எனவே அதைச் சற்றே பிடித்து வைக்க சிக்ஹோல்ட், வேலை முடிந்ததும் விடுவிக்க சிக்ரெல்ஸ் என்ற செயற்கூறுகளைப் பயன்படுத்தினீர்கள். நிரல் எழுதப்பட்ட 'சி' என்னும் கணினி மொழியில் இன்று அவை வழக்கொழிந்தவை. உங்கள் நிரலிலோ நாற்பத்தோர் இடங்களில் நலமாக வாழ்ந்தன.

"பிடிச்சு வெச்சா விடணும்ப்பா. விடுற வரியை முதல்ல எழுதுங்க, நடுவுல உள்ளதை அப்புறம் எழுதுங்க" என்பது உங்கள் வழக்கம். கேட்டோமா? நீங்கள் விடுப்பில் இருந்த வாரத்தில், பழையவை என்று அவ்வரிகளையெல்லாம் நீக்கினோம், அவற்றின் இடத்தில் புதியவற்றைப் போட மறந்தோம், மார்தட்டிக்கொண்டோம். சோதனை ஓட்டத்தில் வந்தது ஒரே ஒரு 'நில்'. நிரம்பிய தொட்டியைக் காலி என்று காட்டிவிட்டு நிரல் படுத்துக்கொண்டது. அசடு வழிய நின்றோம். "பூட்டு பழசுன்னா பூட்டை மாத்துங்க. யாராவது கதவையே கழட்டுவாங்களா?" என்று சிரித்தீர்கள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது, ஐயா!

அம்மாதமே உங்கள் ஓய்வு ஆணை வந்தது. "அரைகுறையா விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்று ஆறு மாத நீட்டிப்புக் கேட்டு வாங்கினீர்கள். மாலைதோறும் ஐந்து மணிக்கு உங்கள் துணைவியார் அழைப்பார். "இதோ, இந்த ஒரு வரியை முடிச்சுட்டு வந்துடறேன்" என்பீர்கள். அடேயப்பா, எவ்வளவு நீளமான வரி!

நேற்று நாற்பத்தோராவது இடத்தையும் புதுமுறைக்கு மாற்றினீர்கள். இன்று காலை, பதிவாகும் நேரம் பார்த்து 'நில்' அனுப்பினோம். நிரல் பொறுத்தது, எழுதி முடித்தது, பிறகே நின்றது. கைதட்டினோம். எங்களில் பாதிப் பேர் அழுதோம்.

ஓய்வு ஆணையையும் அப்படித்தான் பிடித்து வைத்தீர்கள். ஆனால் விடுவிக்கும் வரியை இம்முறை நீங்கள் எழுதவே இல்லை. அதை நாங்கள் எழுதுகிறோம். நோய்நொடி அண்டாது, நெடுங்காலம் நீங்கள் இருவரும் நிறைவாய் வாழ்க!

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா, இன்று ஐந்து மணிக்கு நீங்கள் அழைக்க வேண்டாம். வேலை முடிந்துவிட்டது, சாரை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

நீங்காத அன்புடன்,
கதவைக் கழற்றிய உங்கள் பிள்ளைகள்,
நிரல் பராமரிப்புப் பிரிவு