துடைப்பம் அழித்த பெயர்

இரவு இரண்டு மணி. ஆஸ்பத்திரியிலிருந்து குடியிருப்புக்குப் போகும் சாலை... நாய்கூடக் குறுக்கே வராது. என் சிநேகிதனின் மச்சான் பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான். ஏய், யாரது சிரிக்கிறது? பயமாக இருந்தால் எழுந்து போய்ப் படு.

அவனுக்கு அவசரப் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை. யார் வந்தாலும் என்ன கோளாறு, எந்தத் தெரு என்று கவுண்டரில் பதிவார்கள். ஒரே தெருவில் ஐந்து பேருக்கு ஒரே கோளாறு என்றால் சுகாதார ஆபீசுக்குத் தானாக எச்சரிக்கை போய்விடும். அவர்கள் ஓடிவந்து தண்ணீர்க் குழாயை அடைப்பார்கள். தவறுதலாக இரண்டு தடவை பதிவான ஆட்களை அழிப்பது இவன் பொறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு அழிப்பான். அதனால் எல்லோருக்கும் அவன் 'துடைப்பம்'.

அந்த வாரம் ஒரு தாய் இரண்டு பெண் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாந்தி, பேதி. இரட்டைப் பிள்ளைகள்... ஒரே பிறந்த தேதி, ஒரே தெரு. பெயர்தான் வேறு. அதை யார் படித்தது? படுபாவி, சின்னவளை அழித்துவிட்டான். அந்தத் தெருக் கணக்கு ஐந்திலிருந்து நான்கானது. எச்சரிக்கை போகவில்லை. பிள்ளைகளை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அதே தண்ணீர்.

சின்னவள் செத்துப்போனாள். விஷயம் தெரிந்த கவுண்டர்க்காரன் கேட்டதற்கு, "போனது போச்சு, நீ வாயத் திறக்காத" என்று இவன் அடக்கிவிட்டான். அதே குழாய்தான் இவன் தெருவுக்கும் வருகிறது. அது அப்போது அவன் புத்தியில் ஏறவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் அந்தச் சாலை. பாதி வழியில் பைக்கின் பின்பக்கம் அமுங்கியது. பினாயில் வாடை... அதற்கடியில் புளித்த வாந்தி வாடை. இரண்டு சின்னக் கைகள் இடுப்பைக் கட்டிக்கொண்டன. சட்டையைத் தாண்டிச் சுட்டது. அவன் திரும்பவே இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் கனம் இறங்கியது. சளக்... சளக்... ஈரக்கால் சத்தம் உள்ளே போனது.

மனைவி அழுதுகொண்டே ஓடிவந்தாள். "எங்க போய்த் தொலைஞ்சீங்க? பிள்ளைங்க ரெண்டுக்கும் ஒடம்பு கொதிக்குது!"

இரண்டா? அவனுக்கு இருப்பது ஒரே மகள். அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். கட்டிலில் அவள் கிடந்தாள். பக்கத்தில்... அதுவும் அவளேதான். அதே மூக்கு, அதே கவுன்.

பக்கத்து வீட்டுக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கவுண்டர்க்காரன் இரண்டு பேரையும் பதிந்தான். பிறகு திரையைப் பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, பதட்டத்துல ஒரே பிள்ளைய ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. ஒண்ண நானே அழிச்சிடுறேன்."

"டேய், வேணாம்டா! தொடாதடா!"

டக். அழுத்திவிட்டான்.

துடைப்பம் திரும்பிப் பார்த்தான். மனைவி மடியில் ஒரு பிள்ளைதான் இருந்தது. நெற்றியைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது.

"நல்லவேளை, காய்ச்சல் எறங்கிடுச்சு" என்றாள் மனைவி. "நமக்கிருக்கிறது ஒண்ணே ஒண்ணு, உயிரே போயிடுச்சுங்க."

பிள்ளை கண்ணைத் திறந்தது. மகளின் முகம்தான். அவனையே பார்த்தது.

"எங்க அக்கா எங்க?"

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவன்தான் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுகிறான். எத்தனை சொன்னாலும் முன்னால் உட்காராதாம்... பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் வருமாம்.